ஒரு வருடத் தற்காலிக விரிவுரையாளர் வேலை: சீனம் படித்த மலையகத்துப் பிள்ளை போகலாமா?

எனக்கு எழுதிய தங்கை ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். சீன மொழியில் சிறப்புப் பட்டம் முடித்து, இரண்டாம் வகுப்பு உயர் பிரிவில் சித்தியடைந்திருக்கிறார். இப்போது கொழும்பில் ஒரு சீனக் கட்டுமானக் கம்பனியில் மொழிபெயர்ப்பாளர். மலைப்பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று சீனக் கற்கைகளுக்கு ஒரு வருடத் தற்காலிக விரிவுரையாளர் இடத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிகூட வராது. "கையில இருக்கிறத விட்டுட்டு ஒரு வருஷ வேலைக்கு யாராவது போவாங்களா" என்று அப்பா கேட்கிறாராம். போகலாமா, வேண்டாமா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்: "தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி சீனம் படிப்பிக்கப் போனால் ஏற்றுக்கொள்வார்களா?"

சம்பளக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் மறைந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த வேலை நிரந்தரமாகுமா என்பது ஒன்று. அந்த இடத்தில் நிற்க எனக்கு உரிமை இருக்கிறதா என்பது மற்றது. இரண்டாவதைத்தான் நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள், அதனால் அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான், பண்டாரவளைப் பக்கம். பட்டம் முடித்த கையோடு தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேர்ந்து, ஒவ்வொரு வருடமாகக் கடிதம் வாங்கி மூன்று வருடம் வேலை செய்தேன். அப்புறம் புலமைப்பரிசிலில் சீனாவில் முதுமாணி. திரும்பி வந்து பதினொரு வருடமாகக் கண்டியில் சீனம் கற்பிக்கிறேன், இடையிடையே வருகைதரு விரிவுரைகளுக்கும் போகிறேன். தெரிவுக் குழுவில் நான் உட்கார்ந்ததில்லை. அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன பேசுவார்கள் என்பது பற்றி நான் சொல்வது ஊகம். இந்தப் பக்கம் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்வது அனுபவம். அதுவும் மொழித்துறை அனுபவம்தான். விஞ்ஞான பீடத்திலோ முகாமைத்துவ பீடத்திலோ நடைமுறை வேறாக இருக்கலாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியது: தற்காலிக இடம் தானாக நிரந்தரமாகாது. ஒரு வருடமோ மூன்று வருடமோ எவ்வளவு நன்றாகப் படிப்பித்தாலும், நிரந்தர இடம் என்பது தனி விளம்பரம், தனி விண்ணப்பம், தனி நேர்முகம். அதற்கும் முன்னால் அப்படி ஒரு இடத்துக்கு ஆளணி அனுமதி கிடைக்க வேண்டும். அது துறைத் தலைவரின் கையில் இல்லை, பீடாதிபதியின் கையிலும் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் திறைசேரியும் சம்பந்தப்பட்ட காரியம் அது. "இப்ப வந்து சேருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது அன்பாகச் சொன்னால் நன்றி சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி வீட்டுக்கடன் எடுக்காதீர்கள். அப்படிச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. செய்து தரும் அதிகாரம் அவரிடம் இல்லை.

நிரந்தரத்துக்கான முதற்படி தகுதிகாண் விரிவுரையாளர். அதற்குப் பொதுவாகக் கேட்பது அந்தப் பாடத்தில் சிறப்புப் பட்டமும், முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு உயர் பிரிவுச் சித்தியும். உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. ஆனால் அதிலிருந்து மேலே போக முதுமாணி வேண்டும், அதுவும் ஆய்வேட்டோடு கூடிய, குறைந்தது இரண்டு கல்வியாண்டு கொண்ட முதுமாணி. சனி ஞாயிறுகளில் ஒரு வருடத்தில் முடிக்கும் பாடநெறி முதுமாணி இந்தக் கணக்கில் நிற்பது கஷ்டம். இது தெரியாமல் காசைக் கட்டிவிட்டு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். நேர்முகத்துக்கு வருபவர்களில் ஏற்கெனவே சீனாவில் முதுமாணி முடித்த ஒருவர் இருந்தால், பட்டம் மட்டும் வைத்திருப்பவர் பின்னுக்குப் போவார் என்று நினைக்கிறேன். இது ஊகம்தான், ஆனால் நான் கண்ட முடிவுகளோடு ஒத்துப்போகிற ஊகம்.

அடுத்தது கடிதத்தில் உள்ள திகதிகள். என் இரண்டாவது கடிதம் செமஸ்டர் நடுவில் முடிந்தது. அப்போது பத்தாவது வாரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். புதுக் கடிதம் வர ஏழு வாரம் ஆனது. முதலாம் வருடப் பிள்ளைகளை அரைகுறையில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை, ஏழு வாரமும் போய்ப் படிப்பித்தேன், வினாத்தாள் போட்டேன், விடைத்தாள் திருத்தினேன். கடிதம் வந்தபோது அது கையெழுத்தான நாளிலிருந்துதான் தொடங்கியது. அந்த ஏழு வாரத்துக்குச் சம்பளம் வரவேயில்லை. லயத்து வீட்டில் அம்மாவுக்கு மாதம் அனுப்ப வேண்டிய காசுக்கு அந்த இரண்டு மாதமும் கைமாற்று வாங்கினேன். யார் மேலும் கோபமில்லை என்று சொல்ல மாட்டேன், எனக்கு இன்றைக்கும் அது வலிக்கிறது. அதனால் சொல்கிறேன்: நியமனம் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது, செமஸ்டர் தள்ளிப்போனால் என்ன ஏற்பாடு, பரீட்சை வேலைக்குத் தனியாகக் கொடுப்பனவு உண்டா என்று சேருவதற்கு முன்பே பதிவாளர் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். நம் நாட்டில் கல்வியாண்டு எத்தனை தடவை இழுபட்டிருக்கிறது என்று பாருங்கள். 2012இல் விரிவுரையாளர்களின் நீண்ட வேலைநிறுத்தம், 2020இல் கொரோனா, 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம். ஒவ்வொரு தடவையும் வகுப்புகள் தள்ளிப்போயின, தற்காலிகக் கடிதத்தின் முடிவுத் திகதி மட்டும் தள்ளிப்போகவில்லை.

சரி, வேலை எப்படிப்பட்டது? விளம்பரத்தில் சீனக் கற்கைகள் என்று போட்டிருந்தாலும், புதிதாகச் சேரும் தற்காலிக ஆளுக்கு விழுவது பெரும்பாலும் முதலாம், இரண்டாம் வருட மொழி வகுப்புகள்தான். களனிப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் சீன மொழி கற்பிக்கும் கன்பூசியஸ் நிறுவனம் இருக்கிறது, சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலும் சீனம் ஒரு பாடம். உயர்தரப் பரீட்சைக்கே சீனத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். ஆனாலும் முதலாம் வருட வகுப்பில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் வந்து உட்காரும் பிள்ளைகள்தான் அதிகம். சீனாவிலிருந்து வரும் ஆசிரியர்கள் உச்சரிப்பைச் சுத்தமாகச் சொல்லித் தருவார்கள். பிள்ளை ஏன் பிழை விடுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது உள்ளூர் ஆசிரியரின் வேலை. நீங்கள் தேவைப்படுவது அந்த இடத்தில்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. சீன ஆசிரியர் முன் வரிசைப் பிள்ளையிடம், இன்னும் கொஞ்சம் பழம் சாப்பிடுகிறாயா என்று சீனத்தில் கேட்டார். அந்தப் பிள்ளை தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. "வோ பாவ் லெ" என்றாள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்தாள். ஆசிரியர் முழித்தார். அவர் காதில் விழுந்தது நான் ஓடிவிட்டேன் என்பது. நிறைந்தது என்பதற்கும் ஓடியது என்பதற்கும் சீனத்தில் ஒரே உயிரொலி, ஒரே சுரம், அதாவது குரலின் ஏற்ற இறக்கமும் ஒன்றேதான். வித்தியாசம் முதல் எழுத்தில் மட்டும்தான். ஒன்றில் நம் 'ப' அப்படியே வரும், மற்றதில் 'ப'வோடு சேர்ந்து வாயிலிருந்து ஒரு காற்று வெடிக்க வேண்டும். அவளுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். உச்சரிப்பையெல்லாம் தமிழில் எழுதி வைத்திருந்தாள், இரண்டு சொல்லுக்கும் ஒரே 'பாவ்'. அவள் பிழை நாக்கில் இல்லை, கொப்பியில் இருந்தது. எது எந்த 'பாவ்' என்று தெரியாமல், இரண்டையும் பலமாக ஊதியே மனப்பாடம் செய்திருக்கிறாள்.

கொப்பியில் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிய கடதாசி கிழித்து அவள் உதட்டுக்கு முன்னால் பிடித்தேன். வயிறு நிறையும்போது கடதாசி அசையக்கூடாது, ஓடும்போது பறக்க வேண்டும் என்றேன். ஐந்தே நிமிடத்தில் வகுப்பு முழுவதும் கடதாசி பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த சிங்களப் பிள்ளைகளுக்கும் அதே சிக்கல்தான். சிங்கள எழுத்தில் காற்றோடு சொல்ல வேண்டிய மகாப்பிராண எழுத்துகள் இருந்தாலும் பேச்சில் அந்த வித்தியாசத்தை யாரும் காட்டுவதில்லை. ஆங்கில எழுத்தில் எழுதிய சீனத்தைப் பார்த்து, நிறைந்ததை ஆங்கில 'b' போலக் குரல் அதிரச் சொல்லிவிடுவார்கள். நம்முடைய சொல் முதல் 'ப' சீன ஒலியோடு அவர்களுடையதைவிட நெருங்கிப் பொருந்தும். நுவரெலியாவில் வகுப்பு எடுத்த ஒரு டிசம்பர் காலையில் கடதாசிகூடத் தேவைப்படவில்லை, குளிரில் வாயிலிருந்து போகும் ஆவியைப் பார்த்தே பிள்ளைகள் திருத்திக்கொண்டார்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கடைசி வரி. தமிழ் தெரிந்திருப்பது சீனம் கற்பிப்பதற்கு ஒரு கருவி. இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது, தற்செயலாக ஒத்துப்போகும் இடங்களை உறவு என்று சொல்லிக்கொடுக்கக்கூடாது. ஆனால் தற்செயலையும் வகுப்பில் பயன்படுத்தலாம். முன்னால் நிற்பவரைச் சீனத்தில் 'நீ' என்றுதான் சொல்கிறார்கள், சுரம் மட்டும் இறங்கி ஏறும். கேள்வி கேட்க வாக்கியத்தின் கடைசியில் 'மா' என்று ஒரு ஒலி சேர்க்கிறார்கள், நாம் 'ஆ' சேர்ப்பது போல. நான் நேற்று வாங்கிய புத்தகம் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் புத்தகத்தை முதலில் வைத்துவிட்டு மற்றதைப் பின்னால் கட்ட வேண்டும். சீனத்தில் நான், நேற்று, வாங்கு, அதற்கு ஒரு 'தெ', அப்புறம் புத்தகம். நம் ஒழுங்கு அப்படியே. சிங்களத்திலும் இதே ஒழுங்குதான். ஆனால் ஆங்கிலம் வழியாகச் சீனம் படிக்கும் பிள்ளை இந்த இடத்தில் ஒரு மாதம் தடுமாறும். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வாக்கியம் சொல்லிக் காட்டினால் பத்து நிமிடம் போதும். வினைச்சொல் வைக்கும் இடம் நமக்குப் புதிது, பொருளை எண்ணும்போது நடுவில் வரும் அளவைச் சொற்களும் புதிது. அதில் நம் பிள்ளைகள் கஷ்டப்படத்தான் செய்வார்கள்.

அப்புறம் 'ழ'. மனிதன் என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருக்கம். சீனர்களில் சிலர் கொஞ்சம் உரசலோடு சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மற்ற மாணவர்கள் அந்த ஒலிக்கு நாக்கை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருக்கும்போது, மழை, பழம், வாழை என்று மூன்று சொல் சொல்லிவிட்டுத் தமிழ்ப் பிள்ளை தொடங்கிவிடலாம். தோட்டத்தில் நாம் 'மள', 'வாளப்பளம்' என்றே பேசிப் பழகியதால் அந்த 'ழ'வை முதலில் தமிழில் மீட்டெடுக்க வேண்டியிருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான்கு சுரங்களுக்கும் வாழ்க்கையிலிருந்தே உதாரணம் எடுத்தேன். கீழ் லயத்திலிருந்து மேல் லயத்துக்கு ஆளைக் கூப்பிடும்போது குரல் உயரத்தில் ஒரே மட்டமாக நீளும், அது முதலாம் சுரம். காது கேட்காமல் "ஆ?" என்று கேட்பது இரண்டாம் சுரம். சந்தேகத்தோடு இழுத்து "ம்ம்ம்" என்பது மூன்றாம் சுரத்துக்குக் கிட்ட வரும். "போ!" என்று அதட்டினால் நாலாவது. இதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீங்கள் போனால் உங்கள் வகுப்பில் இன்னும் நல்ல உதாரணங்கள் வரும்.

மொழிக்கு வெளியே வருவோம். இலங்கையில் சீன வரலாற்றுப் பாடம் வழக்கமாகப் பாஹியனில் தொடங்கும். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து இரண்டு வருடம் தங்கிய துறவி. அநுராதபுரத்தில் புத்தர் சிலைக்கு முன்னால் யாரோ ஒரு வணிகர் சீனத்து வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்திருப்பதைப் பார்த்து ஊர் ஞாபகத்தில் அழுதுவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நான் சீனத்தில் முதல் தடவை வாசித்தபோது சீனாவில் தனியாக இருந்தேன், ஒரு கடையில் சிலோன் தேயிலைப் பெட்டியைப் பார்த்த வாரம் அது. பெட்டியில் சிவப்புத் தேயிலை என்று சீனத்தில் எழுதியிருந்தது, நாம் கறுப்பு என்பதை அவர்கள் சிவப்பு என்கிறார்கள். சரி, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது காலி நகரில் கிடைத்த கல்வெட்டைப் பற்றி.

கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் அந்தக் கல் நிற்கிறது. மிங் அரசின் கப்பற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. திகதி 1409. 1911இல் காலியில் ஒரு மதகு மூடியாகக் கிடந்த இடத்தில் கண்டெடுத்தார்கள். மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற திருமாலுக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றேதான். இதெல்லாம் உறுதி. கல்லில் உள்ள திகதி கப்பல்கள் இங்கே வருவதற்கு முந்தியது என்பதால் சீனாவிலேயே வெட்டி எடுத்து வந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள், அதுவும் வலுவான முடிவு. அந்தத் தமிழை அங்கே எழுதிக்கொடுத்தவர் யார் என்பது ஊகம். அதற்கு நூற்று இருபத்தெட்டு வருடம் முந்தியே, 1281இல், தென் சீனத் துறைமுகமான சுவான்சௌவில் குப்லாய் கான் காலத்தில் ஒரு சிவன் கோயிலுக்குத் தமிழ்க் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். ஆக, சீனத் துறைமுகங்களில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்த காலம் அது.

காலிக் கல்லுக்கு முன்னால் நீங்கள் போய் நின்றால் மூன்று மொழியில் இரண்டை உங்களால் அணுக முடியும். இந்த நாட்டில் அப்படி அணுகக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று நினைக்கிறேன். தோட்டத்துப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, சீனம் படிப்பிக்க ஏற்றுக்கொள்வார்களா என்று நீங்கள் கேட்டபோது எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வந்தது. வகுப்பில் சிலர் முதல் வாரம் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சிங்களத்தில் விளக்கச் சொல்வார்கள், உங்களுக்குச் சிங்களம் தடங்கலாக இருந்தால் அதைச் சரிசெய்துகொள்ளத்தான் வேண்டும். என்னை மூன்றாவது வாரம் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த ஒரு வருடத்தில் நீங்கள் தேட வேண்டியது ஒரு ஆய்வுக் கேள்வி. மொழி தெரிந்த பட்டதாரியாக உள்ளே போய், சீனவியலில் ஒரு கேள்வி உள்ளவராக வெளியே வந்தால் வருடம் வீணில்லை. அப்படி ஒன்றும் கிடைக்காமல் வகுப்பும் விடைத்தாளுமாக ஓடிவிட்டால், அப்பா சொன்னது சரியென்று ஆகிவிடும். கேள்விக்காகத் தூரம் போகவும் வேண்டாம். 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் இறப்பர் அரிசி ஒப்பந்தம் செய்தன. வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் இங்கிருந்து, 270,000 தொன் அரிசி அங்கிருந்து, ஐந்து வருடத்துக்கு. இரண்டு நாட்டுக்கும் ராஜதந்திர உறவு வந்ததே 1957இல்தான். அமைச்சர்கள் பற்றியும் அமெரிக்காவின் எதிர்ப்புப் பற்றியும் நிறையவே எழுதிவிட்டார்கள். அந்த இறப்பர் மரங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்களில் எத்தனையோ பேர் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் நம் ஆட்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்ட நாலே வருடத்தில் அந்த ஒப்பந்தம் வருகிறது. சீன ஆவணங்களையும் வாசித்து, லயத்துத் தாத்தா பாட்டிமாரிடமும் உட்கார்ந்து பேசக்கூடிய ஒருவர் இதை எழுதினால் எப்படி இருக்கும்? என் சீனப் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். நான் இலக்கணம் பக்கம் போய்விட்டேன், இதைச் செய்யவில்லை. தேயிலையும் அப்படித்தான். 1824இல் சீனாவிலிருந்து பேராதனைத் தாவரவியல் தோட்டத்துக்குச் செடி வந்ததும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டதும் எல்லாருக்கும் தெரியும். நாம் சொல்லும் தேயிலையின் 'தே' தென்கிழக்குச் சீனக் கடற்கரைப் பேச்சுவழக்கிலிருந்து ஐரோப்பியக் கப்பல் வழியாக வந்தது, முஸ்லிம் கடைகளில் கேட்கும் 'சாயா' அதே எழுத்தின் வேறொரு உச்சரிப்பு. கொழுந்து பறிக்கும் கையின் சொற்களையும் சீனத் தேயிலைத் தொழிலின் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் பிள்ளைகளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

காசுக்கு வருகிறேன். கம்பனியில் வாங்கும் சம்பளத்தை யாரும் குறைவாகப் பேசக்கூடாது, உங்கள் வீட்டுக் கூரை அதில்தான் நிற்கிறது. என் கணக்கு இப்படி: ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருந்தால் போங்கள். கடன் கட்டிக்கொண்டிருந்தால், தம்பி தங்கைகளின் படிப்பு உங்கள் தலையில் இருந்தால், அம்மா அப்பாவின் மருந்துச் செலவு மாதாமாதம் இருந்தால், இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அதில் வெட்கமில்லை, அடுத்த விளம்பரமும் வரும். போவதாக இருந்தால் கம்பனியில் சண்டை போட்டுக்கொண்டு வராதீர்கள். ஆவண மொழிபெயர்ப்பைப் பகுதிநேரமாகத் தருவார்களா என்று கேட்டுப்பாருங்கள், அதே நேரம் முழுநேர நியமனத்தில் வெளிவேலைக்கு அனுமதி பெற வேண்டுமா என்று நியமனக் கடிதத்திலும் பாருங்கள். மொரகஹகந்தை அணையிலிருந்து அதிவேகப் பாதை வரை சீனக் கம்பனிகள் வேலை செய்த இடங்களிலெல்லாம் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் போனாலும் அந்தக் கதவு திறந்திருக்கும் என்றே நம்புகிறேன், ஆனால் கட்டுமானத் தொழில் எப்போது படுக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சேர்ந்தால் முதல் மாதத்திலேயே முதுமாணி விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். சீன அரசுப் புலமைப்பரிசிலுக்கு வழக்கமாக வருடத்தின் முதல் சில மாதங்களில் விண்ணப்பம் எடுப்பார்கள், படிப்பு செப்டம்பரில் தொடங்கும். முதுமாணிக்கு 35 வயதுக்குள் இருக்க வேண்டும். படிப்புச் செலவும் தங்குமிடமும் போக மாதம் 3,000 யுவான் கைச்செலவுக்குத் தருகிறார்கள். எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்ச்சிப் பரீட்சைச் சான்றிதழைப் பல்கலைக்கழக அனுமதிக்கு இரண்டு வருடம்தான் ஏற்றுக்கொள்வார்கள். நீங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எழுதியது காலாவதியாகியிருக்கும், எடுத்துப் பாருங்கள். திரும்ப எழுதுவதானால் ஐந்தாம் நிலையோடு நிற்காதீர்கள். ஆறு நிலைத் திட்டத்தில் ஐந்துக்கு 2,500 சொல், ஆறுக்கு 5,000 சொல். பழைய ஆவணம் வாசிக்கப் போகிறவருக்கு ஆறுமே போதாது. படிக்கப் போகும் பல்கலைக்கழகம் நம் மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்று விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே உறுதிசெய்யுங்கள். சீனம் கற்பித்தலில் முதுமாணி பெரும்பாலும் இரண்டு வருடம், வரலாறு, இலக்கியம் போன்ற ஆய்வு முதுமாணி பெரும்பாலும் மூன்று வருடம். உங்களுக்கு மூன்று வருடத்தையே சொல்வேன். அந்த இறப்பர் ஒப்பந்தக் கேள்வி இரண்டு வருடத்தில் அடங்காது.

அப்பாவிடம் பேசும்போது, நிரந்தரமாகிவிடும் என்று சொல்லிச் சம்மதம் வாங்காதீர்கள். ஒரு வருடம், இன்ன திகதியில் முடியும், அதற்குள் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடுவேன், கிடைக்காவிட்டால் திரும்பக் கம்பனி வேலை தேடுவேன் என்று திகதியோடு சொல்லுங்கள். என் அப்பா கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்தே வாழ்ந்தவர். கணக்காகச் சொன்ன பிறகுதான் அவர் சம்மதித்தார். உங்கள் அப்பாவும் கணக்கைத்தான் கேட்கிறார் என்று தோன்றுகிறது.

நேர்முகத்தில் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம் பாடம் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். கணினியில் வண்ண வண்ணமாகப் பக்கங்கள் போட்டு, சீனக் கலாசாரம் ஓர் அறிமுகம் என்று தொடங்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் கொண்டுவருவார்கள். ஒரே ஒரு ஒலியை எடுங்கள். நிறைந்ததும் ஓடியதும் போதும். பிள்ளை எங்கே பிழை விடும், ஏன் விடும், எப்படித் திருத்துவது என்று காட்டுங்கள். சபையில் சீனம் தெரியாத பேராசிரியர் ஒருவர் நிச்சயம் இருப்பார், அவர் கையிலேயே கடதாசித் துண்டைக் கொடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். கொப்பித் தாளைவிட வெதுப்பகத்தில் பணிஸ் சுற்றித் தரும் மெல்லிய தாள் நன்றாக அசையும், நாலைந்து துண்டு கிழித்துச் சான்றிதழ்க் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு ஒரு தடவை வீட்டில் அப்பாவை வைத்துச் செய்து பாருங்கள்.